பயப்பட்டை

உங்கள் மோட்டார் சைக்கிளின் பின் டயரில் காற்று குறைவாக இருக்கிறது, ஐயா. ஸ்டேஷன் வாசலில் நிற்கிற நீல வண்டி உங்களுடையதுதானே? என்னை உள்ளே அழைத்து வரும்போதே கவனித்தேன். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அடித்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்தால் ஓரங்கள் சீக்கிரம் தேயும். பார்க்கிறவர்கள் உங்களைப் பெரிய சூரர் என்று தப்பாக நினைத்துவிடுவார்கள்.

இது உங்களுக்குப் புரிந்திருக்காது. புரிய வைக்கத்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினால் எழுதுகிறவரின் புத்தியும் நடுவில் கலந்துவிடும், நானே எழுதுகிறேன் என்றேன். நீங்களும் மறுக்காமல் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். பேனா மூடியை யாரோ பல்லால் கடித்துக் கடித்துச் சப்பையாக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

எனக்கு அருவருப்பு அதிகம், ஐயா. அடுத்தவர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்ட மாட்டேன். வியர்வை ஊறிய அந்தப் பஞ்சு நெற்றியில் படுவதை நினைத்தாலே குமட்டும். ஊருக்குள் கோழிக்கடைகள் இருக்கிற தெரு வழியாக நான் போவதில்லை. சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவேன். கூண்டும் இறகும் எச்சமும் கலந்த அந்த வாடை எனக்கு ஆகாது. ஏன் என்று தெரியாது. சிலருக்குச் சில வாடை ஆகாது, அவ்வளவுதான்.

நான்கு சாலைச் சந்திப்பில் டயர் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சக்கர வண்டிகளுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய டீக்கடையில் நாங்கள் சிலர் கூடுவோம். எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு பல் டாக்டர். ஒரு பேக்கரி முதலாளி. லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த கேப்டன். பட்டாளத்துக் கேப்டன் இல்லை, பள்ளிக்கூடத்துக் கால்பந்துக் கேப்டன். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்புறம் நான். என்னை 'டயர்' என்பார்கள். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். டீ குடித்துவிட்டு, பழைய வண்டிகளைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, எங்கேயாவது மலைப்பக்கம் ஒரு சுற்றுப் போய் வருவோம்.

கேப்டன் என் பள்ளித் தோழன். பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனான். இப்போது பிணவறையில் இருப்பவன் அவன்தான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. வந்ததும் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள். டயரைத்தான் குனிந்து பார்ப்பார்கள். வளைவில் வண்டியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு தூரம் டயரின் ஓரம் தரையில் உரசும். பயந்து பயந்து நிமிர்ந்தே ஓட்டுகிறவனுக்கு நடுப்பகுதி மட்டும் தேயும். இரண்டு ஓரத்திலும் கடையிலிருந்து வந்த பளபளப்பு அப்படியே இருக்கும். புது டயரில் முளைத்திருக்கும் சின்னச் சின்ன ரப்பர் முடிகள்கூட அங்கே உதிராமல் நிற்கும். அந்த ஓரத்துக்குப் பல் டாக்டர் வைத்த பெயர் பயப்பட்டை. பயப்பட்டை அகலமாக உள்ளவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், மற்றவர்கள் சொல்லும் கிண்டலை வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

"என்ன பேக்கரி, ஓரத்துல இன்னும் முடி எடுக்கலையா? பொறந்த குழந்தை தலை மாதிரி இருக்கு."

"வீட்ல அவ பின்னாடி உக்கார்ந்தா நான் எங்கங்க சாய்க்கிறது? அவ சாய்ஞ்சாலே வண்டி சாய்ஞ்சிரும்."

இப்படித்தான் பேச்சு போகும். பார்ப்பதோடு விடமாட்டார்கள். கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அதை டயரில் அழுத்தி, ரப்பர் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். தெருவில் கிடக்கும் எல்லாவற்றின் மேலும் ஏறி வந்த டயர் அது. அழுத்திய அதே விரலால் அடுத்த நிமிடம் பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்குவார்கள். பிஸ்கட் ஊறி விழுந்து டம்ளரின் அடியில் சேறு மாதிரி தங்கும். அதையும் விரலை விட்டு வழித்து நக்கிவிட்டு, "அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் சத்தம் இருக்கே..." என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருவர் தவறாமல் வாயாலேயே அந்தச் சத்தத்தை எழுப்பிக் காட்டுவார். எச்சில் தெறிக்கும். நான் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்காருவேன்.

என் வண்டியின் டயரை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. டயர் கடைக்காரனின் டயரைச் சோதிப்பது சமையல்காரரின் வீட்டில் நுழைந்து சட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. அந்த மரியாதை அவர்களுக்கு இருந்தது. தவிர, நான் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்துவது வழக்கம். டயரையும் அடிக்கடி மாற்றிவிடுவேன். கடை வைத்திருப்பவனுக்கு அந்த வசதி உண்டு.

பிறகு ஏன் அந்தக் கூட்டத்துக்குப் போனாய் என்று கேட்பீர்கள். ஒரு கதைக்காகப் போனேன், ஐயா.

அதைச் சொல்வது கேப்டன். வாரா வாரம் யாராவது கேட்பார்கள், அவனும் சலிக்காமல் சொல்வான். வாலிபத்தில் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் மலை உச்சிக் கணவாய்க்குப் போனோம். திரும்பும் வழியில் மழை. பின் டயர் கிழிந்து டியூப் சுக்குநூறாகிவிட்டது. பக்கத்தில் ஊர் இல்லை. சாலையோரத்துப் புல்லைப் பிடுங்கி, முறுக்கி, டயருக்குள் அடைத்து, அதன் மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு மலையிறங்கி வீடு வந்து சேர்ந்தோம். புல் டயர் கதை என்றால் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"புல்லை அடைச்சது நான். ஓட்டினது யாருன்னு நினைக்கிறீங்க?" என்று கேப்டன் நிறுத்துவான். எல்லோருக்கும் விடை தெரியும். இருந்தாலும் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார்கள். "இதோ உக்காந்திருக்கான் பாருங்க, டீயைக் கையால மூடிக்கிட்டு. இவன்தான். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி பாம்பா நெளியுது. நான் பின்னாடி உக்காந்து கடவுளைக் கூப்பிடுறேன். இவன் பாட்டு பாடிக்கிட்டு ஓட்டுறான்!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்காக நான் ஆறு நாளும் கடையில் காற்றடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை டீக்கடைப் பையன்கூட என் டம்ளரை மட்டும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைப்பான்.

கேப்டனின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்கிற வரையில் அவன் எனக்கு வேண்டியவன்தான்.

போன மாதக் கடைசியில் கேப்டன் என்னிடம் புதுப் பின் டயர் மாட்டிக்கொண்டான். புது டயர் மாட்டுகிறவர்களுக்கு என் கடைப் பெயர் அச்சிட்ட சிறிய கவர் ஒன்று தருவேன். அவனுக்கும் தந்தேன். அடுத்த ஞாயிறு பல் டாக்டர் அவன் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து விசிலடித்தார்.

"யோவ் கேப்டன், மாட்டி ஒரு வாரம்கூட ஆகல. பயப்பட்டையே காணோமே! எங்கய்யா போய் இப்படிப் படுத்து எழுந்து வந்தே?"

கேப்டன் சிரித்தான். "எல்லாம் மச்சான் கைராசி" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள்.

அன்றைக்குத்தான் பல் டாக்டர் அந்த யோசனையைச் சொன்னார். அவர் மகள் வெளிநாட்டிலிருந்து ஒரு கேமரா அனுப்பியிருந்தாள். "வர்ற ஞாயிறு எல்லாரும் அந்தக் கணவாய்க்கே போறோம். புல் டயர் கதையை நடந்த இடத்துலயே கேப்டன் சொல்லணும். நான் படம் பிடிச்சு எல்லா ரைடர் குரூப்புக்கும் அனுப்பிடுறேன். டயரு, நீ பக்கத்துல நின்னு போஸ் குடு!"

அந்த வாரம் முழுக்க நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. புதுச் சட்டை ஒன்றுகூடத் தைத்து வாங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கேப்டன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தான். பின் டயரில் ஆணி. நாளைக்குக் காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன், விட்டுவிட்டுப் போ என்றேன். அவன் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கழுத்து வியர்வையை என் கடைத் துணியால் துடைத்தான். துடைத்துவிட்டு அதை மறுபடி கொக்கியில் மாட்டினான்.

"மச்சான், நாளைக்கு கேமரா முன்னாடி ஒரு விஷயம் சொல்லலாம்னு இருக்கேன். நீ கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன?"

"அந்த லாரியையும் சொல்லிடலாமா?"

"எந்த லாரி?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எந்த லாரின்னா கேக்குறே? கோழி லாரிடா! வயசாயிடுச்சு நமக்கு. இனிமே என்ன கௌரவம்? உண்மையில அதுதான் ரொம்ப சிரிப்பான இடம். நான் புல்லு டயர்ல தனியா உருட்டிக்கிட்டு வர்றேன். நீ கோழிக் கூண்டுக்கு நடுவுல உக்காந்து கையாட்டிக்கிட்டுப் போறே. கையாட்டும்போதே வாந்தி வேற. இத்தனை வருஷமா இதை அடக்கி அடக்கி எனக்கு வயிறே உப்பிப்போச்சு, மச்சான்."

அவன் என் தோளைத் தட்டினான். "உங்கப்பாகிட்டப் பொண்ணு கேக்க வந்தப்போ, உன்னைப் பெரிய ஆளாக்கிக் காட்டத்தானே நான் அப்படி மாத்திச் சொன்னேன். அது அப்படியே நின்னுபோச்சு. இப்ப எல்லாருக்கும் அது இன்னும் பிடிக்கும் பாரு." எழுந்து போய்விட்டான்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். கேமரா என்றதும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. நான் ஓட்டிய வண்டியை அவன் ஓட்டியதாக ஆக்கிக்கொள்ள, இல்லாத லாரியை ஏற்பாடு செய்துவிட்டான். கோழியையும் சேர்த்துக்கொண்டான், எனக்கு எது ஆகாதென்று தெரிந்தே. அந்த லாரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம்கூட நினைவில்லை. நடந்திருந்தால் நினைவிருக்கும்.

அவன் தொட்ட துணியை இடுக்கியால் எடுத்து வெளியே போட்டேன். பிறகு சக்கரத்தைக் கழற்றினேன். அப்போதுதான் அந்த ஓரங்களை விளக்கு வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன்.

வளைவில் சாய்த்து ஓட்டியதால் தேய்ந்த ரப்பர் சுருள் சுருளாக உருண்டிருக்கும். அதைப் பார்த்தாலே தெரியும். இந்த டயரின் ஓரத்தில் இருந்தவை கீறல்கள். நேர்நேராக, ஒரே மாதிரி. உப்புத்தாளால் தேய்த்தவை. பள்ளிப் பிள்ளைகள் தப்பான விடையை அழிரப்பரால் தேய்ப்பதுபோல ஒரு மனிதன் உட்கார்ந்து தன் பயத்தைத் தேய்த்து எடுத்திருக்கிறான். அதைத்தான் அன்று எல்லோரும் சப்பிய விரலால் தொட்டுப் பாராட்டினார்கள். அவனும் சிரித்து ஏற்றுக்கொண்டான்.

எனக்குக் கோபம் வரவில்லை. நம்புங்கள். குமட்டியது. குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து பஞ்சரை ஒட்டினேன். சுத்தமாகத்தான் ஒட்டினேன். அந்த வேலையில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.

பிறகு அலமாரியிலிருந்து டயர் பாலிஷை எடுத்தேன். டயரின் பக்கவாட்டுச் சுவர் கறுப்பாகப் பளபளக்க வேண்டும் என்பதற்காக விற்கும் பொருள் அது. தரையில் படுகிற இடத்தில் ஒரு சொட்டுப் படக் கூடாது, பட்டால் வழுக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் டப்பாவைக் கையில் கொடுக்கும்போதே எச்சரிப்பேன். என் கடையில் அந்த மாதிரிப் பொறுப்பு உண்டு.

கேப்டனின் டயரில் நடுப்பகுதியில் நான் பாலிஷ் தடவவில்லை. நடுவைத் துணியால் சுற்றி மூடினேன். இரண்டு ஓரங்களுக்கு மட்டும் தடவினேன். நீங்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். நான் கொல்ல நினைத்திருந்தால் முழு டயருக்கும் தடவியிருப்பேனே? பயந்தவன் பயந்தவனாகவே ஓட்டினால் அந்த ஓரம் தரையைத் தொடவே தொடாது. பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வரலாம். தான் வீரன் என்று அவன் நடித்தால் மட்டும்தான் அது வேலை செய்யும். அதாவது, நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் பொய்யை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கையைப் பலமுறை கழுவினேன். பாலிஷின் இனிப்பு வாடை போகவில்லை. அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். எல்லோரும் வண்டியை உதைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவன் வண்டியைக் கொடுத்துவிட்டு, கடைப் பையன் பின்னால் ஓட்டிவந்த என் வண்டியை வாங்கிக்கொண்டேன். என் தங்கையும் வந்திருந்தாள். கதை நடந்த இடத்தை அவளும் பார்க்க வேண்டுமாம். வழக்கம்போல் கணவனின் பின்னால் ஏறப் போனாள்.

"நீ என் வண்டியில வா" என்றேன்.

"ஏண்ணா?"

"ரொம்ப நாளாச்சு, அண்ணன்கூட வந்து."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கேப்டன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினான். "பார்த்துக் கூட்டிட்டு வா மச்சான். எனக்கு இருக்கிறது ஒரே பொண்டாட்டி!"

"உனக்கென்ன, பயப்பட்டை இல்லாத ஆளு. நீ முன்னாடி போ, மாப்ள" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தங்கையை ஏன் அன்று மட்டும் உன் வண்டியில் ஏற்றினாய் என்று நேற்று மூன்று விதமாகக் கேட்டீர்கள். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். அதை என் பக்கத்து நியாயமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

மலைப்பாதையில் முதல் சில வளைவுகளைக் கேப்டன் நிமிர்ந்தே எடுத்தான். நான் நினைத்தது சரிதான் என்று தெரிந்தது. ஒரு குமாஸ்தா ஆபீசுக்குப் போகிற மாதிரி போனான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இப்படியே போனால் மேலே போய்ச் சேர்ந்துவிடுவான். டயரைக் காட்டி, இந்த ஓரம் எப்படித் தேய்ந்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன்.

"என்னண்ணா, இவ்வளவு மெதுவா போறே?" என்று தங்கை என் முதுகில் தட்டினாள். "சைக்கிள்காரன்கூட நம்மைத் தாண்டிட்டான். நீ பாட்டு பாடிக்கிட்டு ஓட்டுவேன்னு சொல்வாரே!"

"நீ பின்னாடி இருக்கியே" என்றேன்.

டயர் சூடாவதற்காகத்தான் அவன் மெதுவாகப் போயிருக்கிறான் என்று இப்போது பல் டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். பாறையைச் சுற்றி இடது பக்கம் திரும்பும் நீள வளைவு வந்தது. கேப்டன் உடம்பை உள்பக்கம் இறக்கி வண்டியைச் சாய்த்தான். முழங்கால் தரைக்குப் பக்கத்தில் போனது. நான் என் வாழ்நாளில் எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகாக, அவ்வளவு பதறாமல் சாய்த்தவரைப் பார்த்ததில்லை. பல காலம் செய்த உடம்புதான் அப்படிச் செய்யும். அது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது.

பின் சக்கரம் சோப்புக்கட்டி மாதிரி வெளியே நழுவியது. சத்தம் அதிகமில்லை. வண்டி தனியாகப் போனது, அவன் தனியாகப் போனான். சாலையோரத்துக் கல் அவனை நிறுத்தியது.

என் தங்கை என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

பேக்கரிக்காரர் நடுச்சாலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மூக்கு ஒழுகி மீசையெல்லாம் நனைந்துவிட்டது. பல் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் முகத்தை மூடினார். அதன் பிறகு அவர் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய, சாய்ந்து கிடந்த வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கட்டை விரலை நாக்கில் தொட்டார். டயரின் ஓரத்தில் அழுத்தினார். பக்கத்தில் நண்பன் செத்துக் கிடக்கிறான், பழக்கத்தை விடவில்லை.

விரல் வழுக்கியது. அவர் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"டயரு" என்று கூப்பிட்டார். "இங்க வா. இது என்ன, இனிக்குது?"

உங்களை அழைத்தவர் அவர்தான் என்று தெரியும். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை. அந்த விரலை நினைத்தால்தான் என்னவோ செய்கிறது.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. கேப்டனின் செருப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள்.

"புது டயர் மாட்டின அன்னைக்கு வாசல்ல உக்காந்து தேய் தேய்ன்னு தேய்ச்சார்ணா. நீ கவர்ல போட்டுக் குடுத்த உப்புத்தாளை வச்சு. நான்கூடத் திட்டினேன், புதுச்சாமானை எதுக்கு இப்படிச் சுரண்டுறீங்கன்னு. 'புது டயர் ஓரம் வழுக்கும், லேசாத் தேய்ச்சிட்டு ஓட்டணும்னு கவர்லயே உங்கண்ணன் அச்சடிச்சிருக்கான். டயர் விஷயத்துல மச்சான் சொன்னா அப்பீலே இல்லை'ன்னார். இவ்வளவு செஞ்சும் வழுக்கிடுச்சேண்ணா."

ஆமாம், ஐயா. அந்தக் கவரில் இருப்பது ஒரு துண்டு உப்புத்தாள். எல்லோருக்கும்தான் தருகிறேன். யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை, குப்பையில் போட்டுவிடுவார்கள். அவன் பயன்படுத்துவான் என்று நான் எப்படி எதிர்பார்ப்பது? பல் டாக்டர் பாராட்டியபோது, "நான் தேய்த்தது" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். கைராசி என்றான். அது எனக்குப் புரியவில்லை என்றால் குற்றம் என்னுடையது மட்டுமா?

தங்கை இன்னொன்றும் சொன்னாள். அதையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எப்படியும் அவளிடம் கேட்பீர்கள்.

"நேத்து உன் கடையிலேர்ந்து வந்து சிரிச்சுக்கிட்டே இருந்தார். லாரி விஷயத்தைச் சொல்லப் போறேன்னார். உன் மூஞ்சி வாடிப்போச்சாம். அப்புறம் காலையில கிளம்பும்போது, 'வேணாம்டி, பழைய மாதிரியே சொல்லிடுறேன், பாவம் அவன் புதுச்சட்டை எல்லாம் தைச்சிருக்கான்'னார்." செருப்பிலிருந்த மண்ணை விரலால் தட்டினாள். "அன்னைக்கு ராத்திரி கதவைத் திறந்தது நான்தானேண்ணா. உன் சட்டையெல்லாம் கோழி எச்சமும் இறகும். கிணத்தடியில நான்தானே தண்ணி ஊத்தினேன். அவர் விடிஞ்சுதான் புல்லு டயர்ல வந்து சேர்ந்தார். கையெல்லாம் கிழிஞ்சிருந்தது. அந்தக் கையைப் பார்த்துட்டுத்தான் எனக்கு..."

அவள் அப்போது சிறு பெண். அதிர்ச்சியில் இருக்கிறாள். அவள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. கிணற்றடித் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தது என்பது எனக்கும் நினைவிருக்கிறது. மற்றது நினைவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். செய்தது நானா? ஆம். சனிக்கிழமை சாயங்காலம் என் கடையில், என் கையால், விளைவு தெரிந்தே டயரின் ஓரங்களில் பாலிஷ் தடவினேன். யாரும் தூண்டவில்லை. யாரும் உதவவில்லை. கடைப் பையனுக்கு எதுவும் தெரியாது. டப்பா இரண்டாவது அலமாரியில், உப்புத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். நான் மறுக்கப் போவதில்லை. வக்கீலும் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் வண்டியையும் எடுத்துவர ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். அது தங்கை வீட்டு வாசலில் சுவரை ஒட்டி நிற்கிறது. அதன் டயர்கள் மாட்டி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது; அடிக்கடி மாற்றுவேன் என்று மேலே எழுதியது கைதவறி எழுதியது. ஓரங்களில் ரப்பர் முடிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், வேனில் ஏற்றிவிடுங்கள். ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு சக்கரத்தையும் சாக்குப் போட்டு மூடிவிடச் சொல்லுங்கள். அந்தத் தெருமுனையில்தான் பேக்கரி இருக்கிறது. அவர் வாசலிலேயே நிற்பார்.